வாசலைப் பார்க்கிற பிள்ளை

எங்கள் பிள்ளைக் கொட்டகையைச் சோதித்துப் பார்க்க ஓர் அம்மாள் வரப்போகிறாள் என்று அதைக் கவனித்துக்கொள்கிற வேதக்கோயில் உபதேசியார் இன்னாசிராஜ் வந்து சொன்னபோது, நான் பிள்ளைகளுக்குக் கேப்பைக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். அகப்பையை நிறுத்தாமலே, "வரட்டும், அவுகளுக்கும் ஒரு கும்பா ஊத்துவோம்" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. குமுளியில், மாசி மாதக் காலைக் குளிரில், ஓர் ஆளுக்கு வேர்க்கிறது என்றால் விளையாட்டுக் காரியமா? அப்புறம்தான் அகப்பையைக் கீழே வைத்தேன்.

என் பெயர் சிசிலி. ராயப்பன்பட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். என் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள்தான் அந்தக் 'கொஞ்சம்' போடுகிறவர்கள். இருக்கட்டும். பன்னிரண்டு பிள்ளைகளைப் பகல் முழுக்க ஒருத்தி கட்டி மேய்க்க வேண்டுமானால் வாய் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

பெருவெள்ளம் வந்து மலையைச் சரித்துப்போட்ட வருஷம்தான் எங்கள் சத்திரம் உண்டானது. கம்பத்து வியாபாரிகளும் மேட்டுத் தோட்டத்துத் துரைமார்களும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு, வீடு வாசல் இல்லாத சனம் ஒண்டிக்கொள்ளட்டும் என்று சந்தைக்குப் பின்னால் நீளமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்து போயிற்று, சனம் வடியவில்லை. தோட்டத்து லயத்தில் புருஷன் காய்ச்சலில் செத்தால் அன்றோடு அந்த வீடும் போய்விடும். கங்காணி வந்து சட்டிபானையை வெளியே எடுத்து வைத்துவிடுவான். அப்படி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர்கள்தான் சத்திரத்தில் முக்கால்வாசிப் பேர். பகலில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போவார்கள். ஸ்டோருக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அதனால் சத்திரத்தை ஒட்டி ஒரு பிள்ளைக் கொட்டகை, அதற்கு ஆயாவாக நான்.

கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம். காலையில் விட்ட தாய் சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். தாய் இல்லாத பிள்ளைக்கு இங்கே இடம் இல்லை. அது மலையை விட்டு இறங்கி, எங்கேயோ கடற்கரைப் பக்கம் இருக்கிற அனாதை மடத்துக்குப் போய்விட வேண்டும்.

"எவனோ ஒருத்தன் கமிட்டியில போயி கோள் சொல்லிருக்கான், சிசிலி" என்றார் உபதேசியார். "பொம்பளைக புள்ளைகள இங்கன விட்டுட்டு மலை எறங்கி ஓடிப்போறாளுகன்னு. அது நெசமான்னு பாக்கத்தான் அந்த அம்மா வர்றாக. அப்பிடி ஒரு புள்ளை இருந்தாக்கூட கொட்டகையை மூடிருவாகளாம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பக்கம் திரும்பினோம். அப்படி ஒரு பிள்ளை இருந்தது. மூலையில் உட்கார்ந்து, உடைந்த முறத்தைக் கவிழ்த்துப்போட்டு, வாயால் ரீங்காரம் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

அவன் பெயர் வீரபாண்டி. மூன்று வயசு. எப்போதும் உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பான். அதனால் அவனைப் பெற்றவள் சுருளியம்மாள் அவனுக்கு வைத்த பெயர் வண்டு. ஸ்டோர் விட்டு வந்ததும் வாசலில் நின்று, "ஏ வண்டு! பறந்து வா!" என்று கூப்பிடுவாள். கட்டைக் குரல் அவளுக்கு, ஆனால் அதில் ஓர் இனிப்பு இருக்கும். இவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடுவான். மற்றப் பிள்ளைகளெல்லாம் கை தட்டும். தினம் நடக்கிற கூத்துதான், ஆனாலும் தினம் ஒரு நிமிஷம் வேலையை விட்டுவிட்டு நானும் பார்ப்பேன்.

தைப் பொங்கல் முடிந்த கையோடு சுருளி மலை இறங்கினாள். கூடலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டியில் அவளுடைய அண்ணன் இருந்தான். அவன் வீட்டில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டு வரப் போனாள்.

"பயலத் தூக்கிக்கிட்டு எறங்கி ஏற முடியாதுக்கா. ரெண்டு நாள்ல வந்துருவேன், பாத்துக்கிருங்க" என்றாள்.

"ரெண்டு நாளுக்கு மேல ஆச்சு, ஒம் மயனை வித்துப்புடுவேன்" என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டு நாள் போயிற்று, பத்து நாளும் போயிற்று. கம்பத்துக்கும் குமுளிக்கும் மாட்டுவண்டி ஓட்டுகிற சின்னையனிடம் விசாரித்துவரச் சொன்னோம். அவன் போய்விட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பட்டிக்குள்ள நான் போகல தாயீ" என்றான். ஏன் என்று கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டான். மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்து, நீயும் உன் மாடும் நாசமாய்ப் போக என்று திட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பிறகு பெண்கள் கூடிப் பேசி முடிவு கட்டிவிட்டார்கள். சுருளி ஓடிவிட்டாள். எவனோ ஒருத்தனைக் கட்டிக்கொண்டிருப்பாள், பிள்ளை இடைஞ்சல் என்று இங்கே தள்ளிவிட்டாள். எல்லோரிலும் மூக்கம்மாள்தான் அதிகம் வைதாள். மூக்கம்மாளுடைய பெண் குழந்தை முந்தின வருஷம் லயத்துக் காய்ச்சலில் போய்விட்டது. பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிற ஒருத்தியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவளுக்குக் கண் சிவந்துவிடும்.

ஆனால் பாண்டியை மடத்துக்கு அனுப்ப ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அந்தப் பெண்களெல்லாம் கம்பம் பள்ளத்தாக்குக்காரிகள். அங்கே வாய்க்கால் தண்ணீரை ஆளுக்கு ஒரு முறை வைத்துத்தான் வயலுக்குப் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு ஒரு வீட்டு முறை, நாளைக்கு அடுத்த வீட்டு முறை. அதே வழக்கத்தைப் பிள்ளைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் முறைக்காரி எவளோ அவள் வந்து பாண்டியைக் கூட்டிப்போவாள், தன் பங்குச் சோற்றில் ஊட்டுவாள், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வாள். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆளைப் பற்றிப் புறணி பேசுகிற பெண்கள்தான். இந்த முறையில் மட்டும் ஒருத்தியும் ஒருநாளும் பிந்தவில்லை.

பாண்டி யாரோடும் போவான், அழமாட்டான். ஆனால் வந்து நிற்கிறவளின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் ஒருமுறை அவளுக்குப் பின்னால் எட்டி, வாசலைப் பார்ப்பான். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையைக் கொடுப்பான்.

இந்த நிலைமையில்தான் சோதனைக்கு ஆள் வருகிறது. உபதேசியார் பெண்களைக் கூட்டினார்.

"தெனம் ஒருத்தி வந்து கூட்டிட்டுப் போனா மாட்டிக்கிருவோம். இனிமே அவனுக்கு ஒரே ஆத்தாதான். யாராச்சும் ஒருத்தி ஏத்துக்கிருங்க. இப்பமே பழக்கணும், அந்த அம்மா வர்றப்ப புள்ளை தானா ஓடிப்போயி ஒட்டிக்கிறணும்."

"சாமி பாடுபட்ட தவசுக் காலத்துல பொய்யாய்யா? உபதேசியாரு வாயில வர்ற பேச்சா இது?" என்றேன்.

"பன்னெண்டு புள்ளைக, சிசிலி" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மூக்கம்மாள்தான் எழுந்தாள். "எங்கிட்டக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அன்று முதல் பாண்டிக்கு முறை நின்றுபோயிற்று. மூக்கம்மாள் வருவாள், மூக்கம்மாளே தூக்கிக்கொண்டு போவாள். "நாந்தாண்டா ஒன் ஆத்தா" என்று சொல்லிக்கொடுப்பாள். அவன் தலையை ஆட்டி, "நீயி மூக்கத்தை" என்பான். இவளும் விடமாட்டாள். ஸ்டோரில் காப்பிக்குக் கொடுக்கிற உடைந்த வெல்லக்கட்டியை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். அவன் போடுகிற ரீங்காரத்தைக் கூடவே இவளும் போடுவாள். பேன் பார்ப்பாள், எண்ணெய் வைப்பாள். ஒரு வருஷமாகச் செத்த முகமாக இருந்தவள் முகத்தில் உயிர் வந்துவிட்டது. நான்கூட, "என்னடி மூக்கு, புதுசாப் பெத்தவ மாதிரி மினுக்குற" என்று கேலி செய்தேன்.

பங்குனி பிறக்கிற சமயம் ஒரு சாயங்காலம் அவள் வந்து நின்றாள். பாண்டி எழுந்தான், "ஆத்தா" என்றான், நேரே போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். வாசலைப் பார்க்கவில்லை. மூக்கம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உபதேசியார் மட்டும், "இனிமே கவலை இல்ல" என்றார்.

அந்த வாரமே அம்மாள் வந்து சேர்ந்தாள். ஜானகியம்மாள். பாலக்காட்டுக் கல்பாத்தி ஊர். சின்ன வயசிலே தாலி அறுத்தவள், பட்டணத்தில் படித்துவிட்டு இப்படி அனாதை விடுதிகளையும் பிள்ளை விடுதிகளையும் சுற்றிப் பார்த்துக் கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிற வேலை. நார்மடிப் புடவை, ஒல்லி உடம்பு, குடையை ஊன்றிக்கொண்டு நடை. அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் தங்கித் தானே பொங்கித் தின்றாள். நான் நீட்டிய கூழைத் தொடவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் கும்பாவில் விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு அந்த விரலைக் கழுவினாள். இவளோடு என்ன பாடு படப்போகிறோமோ என்று நினைத்தேன்.

"நான் உங்களை ஒண்ணும் கேக்கப் போறதில்லை, கேட்டேளா" என்றாள் உபதேசியாரிடம். "கேட்டா நீங்கள் எல்லாரும் நன்னா பதில் சொல்லுவேள். நான் மூணு சாயங்காலம் இங்க உக்காந்து பாத்துண்டிருப்பேன். எந்தக் குழந்தை யார்கிட்ட ஓடறதுன்னு பாத்தா போறுமாக்கும்."

உபதேசியாருக்கு அப்படியே பாரம் இறங்கிவிட்டது. நானும் உள்ளுக்குள், பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு, என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் சாயங்காலம் பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் ஓடின. பாண்டி மூக்கம்மாள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் சாயங்காலமும் அப்படியே. ஜானகியம்மாள் அவன் கன்னத்தைத் தட்டி, "அம்மாவைக் கண்டா என்ன சிரிப்புடா நோக்கு" என்றாள். கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்தாள், பாயை உதறிப் பார்த்தாள், பிள்ளைகளின் காதை மடக்கிப் பார்த்தாள். கூரை ஒழுகுகிறது என்று கமிட்டிக்குச் சொல்கிறேன் என்றாள். எனக்கே அவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம். அடுத்த நாள் காலை அவளுக்கு வண்டி. பெண்கள் ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், முந்தானையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். சத்திரத்துக்கு யாரோ புதுசு என்று நினைத்தேன். முந்தானையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அந்தக் கையில் பச்சை குத்திய தேள். அதன் ஒரு கொடுக்கு பாதியில் நின்றிருக்கும். வலி தாங்காமல் நடுவில் எழுந்து ஓடிவிட்டதாகச் சுருளி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அடியாத்தி! மெதுவாகப் பக்கத்தில் போனேன். முந்தானைக்குள் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. அம்மை. முகத்தில் விரல் வைக்க இடமில்லாமல் குழிகள். ஒரு கண் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. புருவம் உதிர்ந்து, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அழகான முகம் அவளுக்கு. எமன் வாய்க்குள் போய்விட்டு வந்திருக்கிறாள்.

அப்போதுதான் சின்னையன் சொன்னதற்கு அர்த்தம் விளங்கிற்று. அந்தப் பட்டியின் எல்லையில் வேப்பிலை கட்டியிருந்திருக்கிறது. மாரியம்மன் இறங்கியிருக்கிற வீட்டிலிருந்து சேதி அனுப்பமாட்டார்கள். குணமாகித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் யாரும் எல்லை தாண்டமாட்டார்கள். எல்லைக்கு வெளியே இருந்து பார்த்தவனும் அதை வாயால் சொல்லமாட்டான்; சொன்னால் கூடவே வரும் என்று பயம். நானும் உபதேசியாரும் சிலுவை கும்பிடுகிற வேதக்காரர்கள்தான், ஆனாலும் அம்மை என்றால் நாங்களும் வாயைக் கட்டிக்கொள்கிறவர்கள்தான். அவன் சொல்லாமல் சொன்னதை எங்களில் ஒருத்திக்கும் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. ஓடிப்போனவள் என்று வைதுகொண்டிருந்தோம்.

எனக்கு முன்னாலேயே பெண்கள் அவள் காதில் விஷயத்தைப் போட்டிருந்தார்கள். சோதிக்கிற அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், பாண்டிக்கு மூக்கம்மாள்தான் தாய் என்று காட்டியிருக்கிறோம், வாயைத் திறந்தால் கொட்டகையே போய்விடும், நாளைக்குக் காலை வரைக்கும் பொறு. சுருளி தலையை ஆட்டியிருக்கிறாள். ஆட்டாமல் என்ன செய்வாள்?

பாண்டி வெளியே வந்தான். சுருளி நின்ற பக்கமே வந்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தாண்டி, "ஆத்தா!" என்று மூக்கம்மாளிடம் ஓடினான். சுருளியின் கை தன்னாலே முன்னால் போனதையும், அதை அவளே மற்றக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

ஜானகியம்மாளும் பார்த்துவிட்டாள்.

"நீ யாரு? உன் குழந்தை எது?"

"எனக்கு இங்கன புள்ளை இல்ல தாயீ. சத்திரத்துல எடம் கேட்டு வந்தேன்" என்றாள் சுருளி. முணுமுணுவென்றுதான் சொன்னாள். உடம்பு வற்றியும் அந்தக் கட்டைக் குரல் வற்றியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, மூக்கம்மாள் கையிலிருந்து திமிறி இறங்கிய பயல் வாசல் படியில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தான். பெற்ற வயிறு, என்ன கட்டுப்பாடு தாங்கும்? "ஏ வண்டு!" என்று கத்திவிட்டாள்.

பிள்ளை அழவே இல்லை. விழுந்த இடத்திலேயே தலையைத் தூக்கினான். அவன் முகம் மலர்ந்ததை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். எழுந்தான், இரண்டு கையையும் விரித்தான், ஓடிவந்தான். சுருளி முந்தானையை விட்டுவிட்டு மண்டி போட்டுக் கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், சுற்றிக்கொண்டு தாண்டினான், வாசலை விட்டு ஓடினான். வெளியே ரோட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "ஆத்தா! ஆத்தா வந்துருக்கு!" என்று கூப்பிட்டான்.

ரோட்டில் ஒரு மாடு நின்றது. வேறு யாரும் இல்லை.

சுருளி எழுந்து அவன் பின்னாலேயே போனாள். "நாந்தாண்டா, இங்க பாரு, நாந்தான்" என்றாள். அவன் திரும்பினான். அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு அவன் போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். ஓடிவந்து மூக்கம்மாள் சேலைக்குள் புகுந்துகொண்டான்.

உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டார். ஜானகியம்மாள் எழுந்து நின்றாள்.

"இது யார் பெத்த குழந்தை?"

சுருளி தலையைக் குனிந்துகொண்டு, "அந்தா, அவ புள்ளைதான்" என்றாள். "எம் புள்ளை பேரும் வண்டு. செத்துப்போச்சு. நெனப்புல கூப்புட்டுட்டேன்."

அவ்வளவுதான். மூக்கம்மாள் சும்மா இருந்தால் போதும், பிள்ளை அவளுக்கு. பெற்றவளே கொடுத்துவிட்டாள். மூக்கம்மாளை நான் பார்த்தேன். அவள் அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவன் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"பொய்யி" என்றாள் மூக்கம்மாள். "அவதான் பெத்தவ. நான் இல்ல." சொல்லிவிட்டு அவன் விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை. அவளாலும் முழுக்கப் பிரிக்க முடியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். "மூடணும்னா மூடிக்கங்க தாயீ. ஓடிப்போன ஆத்தா இங்க யாரும் இல்ல. செத்துப் பொழைச்சு மலையேறி வந்தவ ஒருத்தி நிக்கிறா. முறை போட்டு வளத்தவளுக இம்புட்டுப் பேரு நிக்கிறாளுக. இதுல எவளைக் குத்தம் சொல்லப் போறீக?"

ஜானகியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சுருளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"கொட்டகையை மூடச் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "விட்டுட்டுப் போன குழந்தைன்னு ஒண்ணும் இங்க இல்லை. அம்மா திரும்பி வந்துட்டாள். ஆனா இனிமே இந்த மாதிரி முறையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஒரு அம்மா." மூக்கம்மாள் பக்கம் திரும்பினாள். "நீ இங்க இருந்தா அவன் பெத்தவள்கிட்டப் போகமாட்டான். பீர்மேட்டுல தோட்டத்து வேலைக்குச் சொல்லிவிடறேன். காலம்பற நீ போயிடணும். கஷ்டந்தான், நான் அறியாமல் சொல்லலை."

நியாயம்தான். படித்தவள், நாலு இடம் பார்த்தவள். இன்றைக்கும் அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவள் குடையைப் பிடுங்கி உடைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் சின்னையன் வண்டியில் அந்த அம்மாள் மலை இறங்கினாள். மூக்கம்மாள் பிள்ளை கண் விழிக்கும் முன்னே பீர்மேட்டு ரோட்டில் நடந்தே போய்விட்டாள். வெல்லக்கட்டி முடிந்திருந்த துணியை மட்டும் என் கையில் கொடுத்தாள். அழவில்லை. "மத்தியானம் சோத்துக்கு முன்னால குடுங்கக்கா, பெறகு குடுத்தா திங்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாண்டி எழுந்து தேடினான். பிறகு அழ ஆரம்பித்தான். மற்றப் பெண்களோடு போய்ப் படுக்கிற பழைய முறைக்கும் வழியில்லை. அம்மாள் சொன்னது சட்டமாயிற்றே. சுருளி கிட்டே போனால் மூச்சு நின்றுபோகிற மாதிரி கத்துவான். அவள் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளிப்போய்ச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள், அப்போதுதான் தின்பான். சாயங்காலம் மற்றத் தாய்மார் வரும்போது இவளும் வருவாள். எல்லாப் பிள்ளையும் போன பிறகு, இவனை நான் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் விடுவேன். அவன் அழுது அழுது களைத்துத் தூங்கின பின்தான் அவள் பக்கத்தில் வந்து படுப்பாள். விடியும் முன்னே எழுந்து தள்ளிப்போய்விடுவாள்.

பாண்டி மறுபடியும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தான். யாரைத் தேடுகிறான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூக்கம்மாளாகவும் இருக்கலாம், அந்தக் குரலாகவும் இருக்கலாம்.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து மூடுபனி இறங்கிச் சாரலும் போட்டது. சுருளி நனைந்து வந்து, குளிருக்குத் தலையோடு முகத்தையும் சேர்த்து முக்காடு போட்டுக்கொண்டு கொட்டகை ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என்ன தோன்றிற்றோ, அவளை அறியாமல் அந்த ரீங்காரத்தைப் போட்டாள். ம்ம்ம் என்று. முறத்து வண்டி நின்றது. பாண்டி எழுந்தான். நான் அடுப்பு ஊதுவதை நிறுத்தினேன்.

"ஆத்தா?" என்றான்.

அவள் திரும்பவில்லை. முக்காட்டை இன்னும் இறக்கிவிட்டுக்கொண்டு, "ஏ வண்டு, பறந்து வா" என்றாள்.

அவன் பறந்துதான் போனான். சுற்றிவந்து மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, துணிமேலேயே முகத்தை வைத்துத் தேய்த்தான். எங்கே போயிருந்தாய் என்று கேட்டான். அண்ணன் வீட்டுக்கு என்றாள். ஏன் முக்காடு என்று கேட்டான். குளிருது சாமி என்றாள். அவன் துணியை விலக்கப் போன போதெல்லாம் அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தினாள். எனக்குக் கூழ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் சென்று அவன் அவள் காதோடு வாயை வைத்து, எனக்கும் கேட்கிற அளவில் ரகசியம் சொன்னான்.

"ஆத்தா, இங்கன ஒரு பூச்சாண்டி வருது. மூஞ்சியெல்லாம் ஓட்டை. அது என்னையக் கூப்புடுது. அதுகிட்டக் குடுத்துறாத."

சுருளி அவனை இறுக்கிக்கொண்டாள். முக்காடு விலகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்கமாட்டேன்டா" என்றாள். "அது கூப்புட்டா நீயி போகாத."